நோம்பிக்கு வந்த ஒறம்பரைய எங்க கூட்டிட்டுப் போறது? – அக்கா பதில்கள்

இந்த மாசம் தபால்லயும் வாட்ஸப்லயும் வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே சமாச்சாரந்தான். பொங்க நோம்பிக்கு சென்னை, பெங்களூரு, துபாயின்னு எல்லாப் பக்கட்டும் இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க, அவங்கள எங்க கூட்டிட்டுப் போறது, எப்புடிச் சமாளிக்கறதுன்னு. அதனால சமையல் கேள்வி, மருமக கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அக்கா, என்ற கொழுந்தனாரு குடும்பம் சென்னைல இருந்து போகிக்கு முந்தின நாளே வருதுங்க, ஆறு நாள் இருப்பாங்க. எங்களோட சேத்து பதினோரு பேரு, அதுல குழந்தைங்க நாலு. கொழுந்தனாரு ஊட்டிங்கறாரு, பசங்க தண்ணில ஆடோணுங்குதுக, மாமியா கோயிலுங்கறாங்க. நெனச்சாலே தல சுத்துது. ஒரு வழி சொல்லுங்க.
– வாசகி, பெருந்துறை

அம்மணி, மொதல்ல நான் ஒண்ணு கேக்கறேன். வெளிய போற அன்னைக்கு வெடியால எந்திரிச்சு பதினோரு பேருக்கும் இட்லி ஊத்தி, சட்னி அரைச்சு, கட்டுசோறு கிளறி, குழந்தைங்களுக்குத் தண்ணி வாத்து வுட்டு, கடைசியா கேஸ மூடுனமா இல்லையான்னு திரும்பிப் போயிப் பாக்கறது யாரு? நீங்கதான? வண்டில ஏறறப்பவே பாதி உசுரு போயிருக்கும், அப்பறம் ஊட்டியா இருந்தா என்ன சிங்கப்பூரா இருந்தா என்ன, சன்னல்ல தலைய சாச்சு தூங்கத்தான் தோணும். அதனால நான் எப்பவும் சொல்றது, வீட்ல யாரு ரொம்ப அசந்து போறாங்களோ அவங்கள வெச்சுத்தான் நாளையே முடிவு பண்ணோணும், ஆசைப்படறவங்கள வெச்சு இல்ல.

ஊட்டி இப்போதைக்கு வேண்டாங்க. 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் எடுத்துட்டுத்தான் வெளியூரு வண்டி மேல ஏறோணும், அது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல, போன்லயே எடுத்தரலாம், ஆனா பெருந்துறைல இருந்து போக வர எட்டு மணி நேரம் வண்டிலயே போயிரும், பொங்க கூட்டம் வேற, நாலு குழந்தைல ஒண்ணாவது மலை ரோட்டுல வாந்தி எடுக்கும்.

எங்க கதைய சொல்றேன் கேளுங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒறம்பரை வந்தப்போ என்ற வீட்டுக்காரரு ஒரே நாள்ல எல்லாத்தையும் காட்டிப்போடறேன்னு வெடியால பவானி கூடுதுறை, அப்பறம் கொடிவேரி, அங்கிருந்து பண்ணாரி, பொழுதோட பவானிசாகர் டேமுன்னு நாலு எடம் போட்டாரு. கூடுதுறைல பவானியும் காவேரியும் சேர்ற எடத்த நின்னு பாக்க வுடல, "நேரமாச்சு நேரமாச்சு"ன்னு கூப்பாடு. கொடிவேரில பசங்க தண்ணில எறங்கி கால் நனையறதுக்குள்ள ஏத்திட்டாரு. பண்ணாரில கூட்டம். டேமுக்குப் போனா அங்க இருக்கற பூங்காவ மூடற நேரம். ராத்திரி பத்து மணிக்கு ரோட்டோரம் ஒரு கடைல ஆறிப்போன புரோட்டா, சின்னவ வட்டல்லயே தலைய வெச்சுத் தூங்கிட்டா, மாமியா ரெண்டு நாளைக்கு யாரு கூடவும் பேசல. போட்டோ மட்டும் எச்சா எடுத்து வெச்சிருக்கோம், எல்லாத்துலயும் எல்லாரு மூஞ்சியும் உர்ர்ருன்னு இருக்கும்.

ஆறு நாள்ல ரெண்டே ரெண்டு நாள் போதுங்க, ஒரு நாளைக்கு ஒரே எடம். ஒரு நாளு மாமியா கேட்ட கோயிலு, இன்னொரு நாளைக்கு கொடிவேரிதான் சரி. கோபில இருந்து சத்தி ரோட்டுல போயி உள்ள திரும்போணும், உங்கூர்ல இருந்து ஒண்ணே கால் ஒண்ணரை மணி நேரம். ஏழு மணிக்கு அங்க நிக்கற மாதிரி கெளம்புங்க, சமைக்காம. ஆமா, சமைக்காமத்தான். கோபில ஏதாச்சும் ஓட்டல்ல இட்லி தின்னுக்கலாம், ஒரு நாளைக்கு ஒண்ணும் கெட்டுப்போயிராது.

பாக்காதவங்களுக்குச் சொல்றேன், கொடிவேரி ஒண்ணும் பெரிய டேம் இல்ல, பவானி ஆத்துக்குக் குறுக்க கட்டுன தாழ்வான தடுப்பணை. அதுல இருந்துதான் தடப்பள்ளி, அரக்கன்கோட்டைன்னு ரெண்டு வாய்க்கால் பிரிஞ்சு கோபிய சுத்தி 24,000 ஏக்கருக்கு மேல பாயுது, அந்த ஊரு நெல்லு வயலெல்லாம் பச்சையா இருக்கறதுக்கு இதுதான் காரணம். அணைக்கு மேல தண்ணி ஒரே சீரா, வெள்ள வேட்டிய விரிச்சுப்போட்டாப்ல, வழிஞ்சு விழுகும். கீழ கம்பியப் புடிச்சுட்டு வரிசையா நின்னுக்கலாம், முதுகுல விழுகற தண்ணி ஆளு வெச்சு அடிக்கற மாதிரி இருக்கும், காது அடைச்சுக்கும், பக்கத்துல நிக்கறவங்க என்ன கத்துனாலும் கேக்காது. என்ற மாமியா மூட்டு வலிக்காரங்க, இன்னொரு தடவ போனப்போ அவங்கள அங்கிருந்து எந்திரிக்க வெக்கறதுக்குத்தான் பெரும்பாடு.

வெளிய வந்தா மீனு. கல்லுல எண்ணெய் ஊத்தி செவச்செவன்னு மசாலா தடவுன மீன அடுக்கி வெச்சிருப்பாங்க, ஈரத்துணியோட நடுங்கிட்டு நின்னு வாழையிலைத் துண்டுல வாங்கித் திங்கறதுக்கு ஈடு எதுவும் இல்ல. ஆனா ஒண்ணு, கண்ணு முன்னாடி போட்டு எடுத்துத் தரச் சொல்லுங்க, முன்னாடியே பொரிச்சு அடுக்குனது வேண்டாம், வெல மொதல்லயே கேட்டுக்கோங்க. அணைக்கு மேல தேங்குன தண்ணில பரிசலும் வுடுவாங்க, ஏறுனா மேல்சட்டை போட்டுக்கோங்க, அதான் லைஃப் ஜாக்கெட்டு, குழந்தைக்கு மட்டுமில்ல உங்களுக்குந்தான்.

குளிக்கற எடத்தத் தாண்டி அக்கட்டால பாறைப்பக்கம் யாரையும் போக வுடாதீங்க. அங்க பாறைக்கு எடைல குழி இருக்கு, மேல பாத்தா முழங்கால் அளவு மாதிரி தெரியும், நீச்சத் தெரிஞ்சவனையே இழுத்துரும். பவானிசாகர்ல தண்ணி எச்சா தொறந்துவுட்டா கொடிவேரியையே மூடிருவாங்க, அதனால முந்தின நாளே கோபிப் பக்கம் தெரிஞ்சவங்க யாருக்காச்சும் ஒரு போனப் போட்டுக் கேட்டுக்கோங்க. காணும் பொங்க அன்னைக்கு மட்டும் போயிராதீங்க, அன்னைக்குத் தண்ணி தெரியாது, தலதான் தெரியும்.

பதினோரு மணிக்கு கெளம்புனா மத்தியானச் சோத்துக்கு வீடு. அன்னைக்கு அரிசிம்பருப்புச் சாதம், நெய்யி, அப்பளம், அவ்வளவுதான். கொழுந்தனாரையே குக்கரு வெக்கச் சொல்லுங்க, சென்னைல அவரு வெக்காமயா இருக்காரு.

அத்தை, நான் எட்டாவது படிக்கிறேன். லீவுக்கு மேட்டுப்பாளையம் – ஊட்டி ரயில்ல கூட்டிட்டுப் போறேன்னு அப்பா சொல்லியிருக்காரு. அதுல என்ஜின் பின்னாடி இருந்து தள்ளும்னு ஃப்ரெண்டு சொல்றான். நெசமா? ஏன் அப்படி?
– மாணவன், திருப்பூர்

நெசந்தான் சாமி. மலை ஏறறப்போ என்ஜின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளிட்டுப் போகும். எங்கயாச்சும் கொக்கி கழண்டாலும் பெட்டியெல்லாம் பின்னால உருண்டு போகாம என்ஜின் மேலயே சாஞ்சுக்கும், அதுக்குத்தான். முன்னாடி வழி பாக்கறதுக்கு டிரைவருக்குக் கண்ணு வேணுமில்ல, அதுக்குப் பெட்டிக்குப் பெட்டி பிரேக் புடிக்கற ஆளு நிப்பாரு, கொடி காட்டிட்டு.

கல்லாறுல இருந்து குன்னூரு வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச பட்டை போகும் பாரு, என்ஜினுக்கு அடில இருக்கற பல்சக்கரம் அதுல கடிச்சுக் கடிச்சு ஏறும். சாதாரண ரயிலு சக்கரம் அந்தச் சரிவுல வழுக்கிரும், பன்னண்டரை அடி போனா ஒரு அடி ஏறற சரிவு அது. 1899ல குன்னூரு வரைக்கும் வந்துச்சு, 1908ல ஊட்டிக்குப் போச்சு, 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. மொத்தமே 46 கிலோமீட்டர்தான், அதுக்கு அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், உங்கப்பா பைக்குல போனா ஒண்ணரை மணி நேரத்துல போயிருவாரு. ஆனா பைக்குல போனா குகைக்குள்ள எல்லாரும் ஒட்டுக்கா கத்த முடியாது. 16 குகை இருக்கு, தொண்டைய மிச்சம் வெச்சுக்கோ.

அப்பாகிட்ட டிக்கெட்டு எடுத்தாச்சான்னு இன்னைக்கே கேளு. லீவு நாளுக்கு டிக்கெட்டு கெடைக்கறது குதிரைக்கொம்பு. ஐப்பசி கார்த்திகை மழைல மண்ணு சரிஞ்சா ரயில நிறுத்திருவாங்க, தைல அந்த வெசனம் கொறைவு.

அக்கா, மாமியாருக்கு 74 வயசு. பழனி, சென்னிமலை, சிவன்மலை மூணுல ஒண்ணு பாக்கோணும்னு ஆசை. படி ஏற முடியாது. எது சௌகரியம்?
– வாசகி, கரூர்

மூணும் முருகன்தான், மூணுக்கும் படி ஏறாமயே போயிரலாம், ஆனா தை மாசத்துல கூட்டிட்டுப் போறதுன்னா தைப்பூசம் என்னைக்குன்னு காலண்டர்ல பாத்துட்டு அதுக்கு முன்னாடி பின்னாடி பத்து நாளத் தள்ளிருங்க. நம்ம பக்கட்டு ஊரு ஊரா காவடி எடுத்து பழனிக்கு நடந்து போற நேரம் அது, மூணு கோயில்லயுமே தேரு இருக்கும், வயசானவங்க அந்த நெரிசல்ல நிக்க முடியாது.

பழனில ரோப் காரும் இருக்கு, கம்பிக்கயித்துல இழுத்து மலை ஏத்தற விஞ்சு வண்டியும் இருக்கு. காத்து பலமா அடிச்சா ரோப் கார நிறுத்திருவாங்க, பராமரிப்புக்குன்னும் அப்பப்ப நிறுத்துவாங்க, அப்ப விஞ்சு ஒண்ணுதான் கதி, வரிசை நீண்டுக்கும். வார நாள்ல போனா ரெண்டுமே சுளுவு.

சென்னிமலைல படி 1,320, ஆனா மலை மேல வரைக்கும் ரோடு இருக்கு, வண்டியே போகும். கந்த சஷ்டி கவசம் அரங்கேறுன எடம் அதுதான்னு உங்க மாமியாருக்கே தெரிஞ்சிருக்கும். எறங்கி வர்றப்போ ஊருக்குள்ள போர்வை, பெட்ஷீட்டு வாங்காம வந்தா அது சென்னிமலை போனதாவே கணக்குல வராது.

என்னக் கேட்டா சிவன்மலைங்க. காங்கயத்துக்குப் பக்கம், ரோடு மேல வரைக்கும் போகுது, கூட்டமும் மத்த ரெண்டு எடத்த வுடக் கொறைவு. அங்க ஆண்டவன் உத்தரவுப் பெட்டின்னு கண்ணாடிப் பெட்டி ஒண்ணு இருக்கு, பாத்திருக்கீங்களா? யாராச்சும் ஒரு பக்தர் கனவுல முருகன் வந்து இன்ன பொருளு வெய்யின்னு சொன்னா, கோயில்ல வந்து சொல்லி, சாமிகிட்ட பூப்போட்டுக் கேட்டு, சரின்னு வந்தா அந்தப் பொருள உள்ள வெப்பாங்க. அடுத்த ஆளுக்குக் கனவு வர்ற வரைக்கும் அதுதான் இருக்கும். வெச்ச பொருளுக்கு ஊருக்குள்ள ஏத்தமோ எறக்கமோ நடக்கும்னு ஒரு நம்பிக்கை, அதனால நெல்லு வெச்சாலும் தண்ணி வெச்சாலும் மக்க ஒரு மாசத்துக்கு அதையே பேசும். உங்க மாமியா வீட்டுக்கு வந்தும் நாலு நாளைக்கு அதையே சொல்லிட்டு இருப்பாங்க, நீங்க நிம்மதியா உங்க சோலியப் பாக்கலாம்.

அக்கா, நான் துபாய்ல இருக்கேன். பத்து நாள் லீவுல வர்றேன். ஸ்கூல் பசங்க ஆறு பேரு பைக்குல வால்பாறை போலாம்னு இருக்கோம். வீட்ல அம்மா வேண்டாங்கறாங்க. நீங்க கொஞ்சம் சொல்லி வெய்ங்க.
– வாசகர், பொள்ளாச்சி

தம்பி, உங்கம்மா வால்பாறைய வேண்டாங்கல, உங்க ஆறு பேரையும் ஒட்டுக்கா வேண்டாங்கறாங்க, ரெண்டும் வேற வேற.

போயிட்டு வாங்க, தப்பே இல்ல. ஆழியாறு தாண்டி செக்போஸ்ட்டுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல நின்னு திரும்பிப் பாத்தீங்கன்னா ஆழியாறு டேம் தட்டுல ஊத்துன தண்ணியாட்டம் கீழ கெடக்கும், வரையாடு பெரும்பாலும் அங்க ரோட்டோரத்துலயே நிக்கும். பக்கத்துல போயி செல்ஃபி எடுக்கறேன்னு தொந்தரவு பண்ணாதீங்க. மேல புதுத்தோட்டம் பக்கத்துல சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவும், அதுக்கு பிஸ்கெட்டு போடறதுக்குன்னே ஒரு கூட்டம் வருது, நீங்க அந்தக் கூட்டத்துல சேராதீங்க. திங்கறதுக்கு ரோட்டுக்கு எறங்கிப் பழகி, வண்டில அடிபட்டுச் சாகுது.

மூணே விசயம் கண்டிப்பா. பொழுதெறங்கறதுக்கு முன்னாடி கீழ வந்துருங்க, இல்ல அங்கயே தங்கிருங்க, இருட்டுல ஆனை நிக்கறது பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. ஆத்துல எறங்காதீங்க, அந்தப் பக்கட்டு ஆத்துல லீவுக்குப் போன காலேஜ் பசங்க எத்தன பேரு போயிருக்காங்கன்னு பேப்பர் படிக்கற உங்கம்மாவுக்குத் தெரியும், அதான் அவங்க பயம். மூணாவது என்னன்னு உங்களுக்கே தெரியும், நான் பத்திரிகைல எழுதல. அந்த பாட்டில வீட்லயும் வெக்காதீங்க.

போற எடத்துல இருந்து ரெண்டு தடவ போனப் போடுங்க. சிக்னல் இல்லைன்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா அவங்க வெசனப்பட மாட்டாங்க.

அக்கா, ஒவ்வொரு வருசமும் ஒறம்பரை வந்தா வெளிய போற செலவு பூரா எங்க தலைலதான். அவங்க எல்லாம் ஐ.டி.ல இருக்காங்க, நாங்க பனியன் கம்பெனிச் சம்பளம். கேக்கவும் கூச்சமா இருக்கு.
– வாசகி, திருப்பூர்

கூச்சப்பட்டா சிறுகச் சிறுக சேத்து வெச்ச சிலுவாடு காசும் போயிரும் அம்மணி. மொத நாள் வீட்டுச் சாப்பாடு, கறி விருந்து, அது உங்க பங்கு, அதுல கணக்கு வேண்டாம். வெளிய கெளம்பறதுக்கு முந்தின நாள் பொழுதோட குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு வரி போட்டுருங்க, "நாளைக்கு டீசல், டிக்கெட்டு, சாப்பாட்டுக்குன்னு குடும்பத்துக்கு இவ்வளவு, பெரிய மாமாகிட்ட குடுத்துருங்க"ன்னு. உங்ககிட்டன்னு எழுதாதீங்க, வீட்ல மூத்தவரு யாரோ அவருகிட்ட. எங்க வீட்ல பழைய மிட்டாய் டப்பா ஒண்ணு இருக்கு, அதுல எல்லாரும் போட்டுருவாங்க, வண்டில முன்சீட்டுல அதுதான் உக்காந்துட்டு வரும். டப்பாவத் தொறந்து குடுக்கறப்போ யாருக்கும் வலிக்கறதில்ல. மிஞ்சுனது பசங்களுக்கு ஐஸ்கிரீம்.

தாய்மாமன்கிட்ட பசங்க வாங்கித் திங்கறது மட்டும் டப்பாக் கணக்குல வராது. அது தனி.

பொங்கலுக்கு வெள்ளியங்கிரி ஏறலாமா?
– வாசகர், அவிநாசி

இப்ப வுட மாட்டாங்க. பிப்ரவரில இருந்து மே வரைக்குந்தான் ஏற அனுமதி. ஏழு மலை, அதனால இப்பவே தெனம் நடந்து பழகுங்க.

செலவில்லாம, கூட்டமில்லாம அரை நாள் போறதுக்கு ஒரு எடம் சொல்லுங்க.
– வாசகி, ஈரோடு

வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கறப்போ ஏனுங்க வெசனம்? கார்த்திகைல இருந்து மாசி வரைக்கும் பறவை வர்ற காலம். வெடியால போயி கரைல சத்தமில்லாம நடங்க, பைனாகுலர் யாருகிட்டயாச்சும் இரவல் வாங்கிக்கோங்க, அது இல்லைன்னா பாதி கொக்கு, பாதி வெள்ளைப் புள்ளி. திருப்பூர்க்காரங்களுக்கு நஞ்சராயன் குளம். ரெண்டையுமே உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியலான ராம்சர் பட்டியல்ல சேத்துட்டாங்க, வெள்ளோடு 2022ல, நஞ்சராயன் 2024ல. பக்கத்துலயே இருக்கறதால நாமதான் போறதில்ல.

அக்கா, நான் அமெரிக்கால பொறந்து வளந்த என் பொண்ணக் கூட்டிட்டு இந்த வருசம் நோம்பிக்கு வர்றேன். பூப்பறிக்கற நோம்பின்னு எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) சொல்லிக் கேட்டிருக்கேன், இப்ப இருக்கா?
– வாசகி, தாராபுரம்

கண்ணு, இந்தக் கேள்விய எழுதுனதுக்கே உங்கள நோம்பிக்கு எங்க வீட்டுக்குக் கூப்புடோணும் போல இருக்கு.

சில ஊர்ல இன்னமும் இருக்கு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளு, மத்த ஊர்க்காரங்க காணும் பொங்கங்கற நாள்ல, நம்ம பக்கட்டு பொம்பளைங்களும் புள்ளைங்களும் கட்டுசோறு கட்டிட்டு மலைக்கரடு, குளத்தாங்கரை, ஆத்தங்கரைன்னு போவாங்க. ஆம்பளைங்க வீட்ல. என்ற அமுச்சி வெடியாலயே புளிச்சாதத்தத் தூக்குப்போசில அமுக்கி, மேல வாழையில போட்டு, துணில முடிஞ்சு வெச்சிருவாங்க. இட்டேரில, அதான் தோட்டங்களுக்கு நடுவுல போற மண் தடத்துல, வரிசையா நடந்து போனா ரெண்டு பக்கமும் கள்ளி, வேலி, நடுவுல ஆவாரம்பூ மஞ்ச மஞ்சேன்னு. நோம்பிக்கு வீட்டு வாசல்ல காப்புக்கட்டுக்கு வேப்பிலை, பூளைப்பூ கூட வெச்சுக் கட்டுவோமே, அதே ஆவாரம்பூதான். கூடைல பறிச்சுப் போட்டுட்டே போறது, சின்னப்புள்ளைங்க பாதிய வழிலயே சிந்திரும். அங்க போயி கூடைய நடுவுல வெச்சு சுத்தி நின்னு கும்மி அடிப்பாங்க. அமுச்சி பாட எடுத்துக் குடுக்கறப்போ மத்தவங்க அப்புடியே வாங்கிப் பாடுவாங்க. நான் அப்ப சிறுசு, கைதட்டு தப்பித் தப்பிப் போகும், பக்கத்துல நிக்கற சின்னம்மா முழங்கையால ஒரு இடி இடிப்பாங்க. அந்தப் பாட்டு ஒண்ணுகூட எனக்கு முழுசா ஞாபகமில்ல, எழுதி வெக்கோணும்னு அப்ப யாருக்குத் தோணுச்சு.

உங்க ஊர்ல போறது நின்னு போயிருந்தாலும் நீங்க போங்க. பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம், அண்ணிய, பக்கத்து வீட்டுப் புள்ளைங்க நாலு பேரக் கூப்பிட்டுக்கோங்க. ஆவாரை முன்ன மாதிரி எல்லா எடத்துலயும் இல்ல, இட்டேரியெல்லாம் தார் ரோடா ஆயிப்போச்சு, அதனால எந்தக் கரட்டுப் பக்கம் பூத்திருக்குன்னு ஆடு மேய்க்கறவங்ககிட்டக் கேளுங்க, அவங்களுக்குத்தான் தெரியும். யாராச்சும் தோட்டத்து வேலில பறிக்கறதா இருந்தா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறிங்க. ஊர்ல பாட்டுத் தெரிஞ்ச ஆத்தா ஒருத்தராச்சும் இருப்பாங்க, அவங்கள வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போயி பாடச் சொல்லி, பொண்ணுகிட்ட போனக் குடுத்து ரெக்கார்டு பண்ணச் சொல்லுங்க.

வர்றப்போ தூக்குப்போசிய எண்ணி எடுத்துக்கோங்க. நாங்க வருசா வருசம் ஒண்ணக் கரட்டுலயே வெச்சுட்டு வந்துருவோம், மறுநாள் அப்பிச்சிதான், அதான் அமுச்சி வீட்டுக்காரரு, போயி எடுத்துட்டு வருவாரு.